செப்புக்குடத்தில் நின்ற கடல்நீர்

கடல் முள்ளெலியின் முட்டையில் விந்தணு சேர்ந்த பிறகு அது முதல் தடவை இரண்டாகப் பிரிய, எங்கள் ஊர் வெக்கையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். தொண்ணூறுகளின் நடுவில் மூன்று வருடம், அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறை. மாடியில் கடைசி அறை. காலையில் பெருக்க வருகிற அம்மாள் போய்விட்டால், அதற்குப் பிறகு மாலை வரை யாரும் என்னைக் கூப்பிடாத நாட்கள் உண்டு.

ஆய்வு மாணவியாகச் சேர்ந்த எட்டாவது மாதம் என் வழிகாட்டி இரண்டு வருட ஆராய்ச்சிக்காக வெளிநாடு போய்விட்டார். போகும்போது அறைச் சாவியையும், குளிர்பதனப் பெட்டியில் கட்டைவிரல் உயரக் குப்பி ஒன்றையும் என்னிடம் விட்டுப் போனார். "மாசம் ஒரு லெட்டர் போடும்மா" என்றார். போட்டேன். பதில் வர ஐந்து வாரம் ஆகும். அது வருவதற்குள் நான் கேட்ட சந்தேகம் தீர்ந்திருக்கும், அல்லது அதைவிடப் பெரிய சந்தேகம் வந்திருக்கும்.

என் ஆராய்ச்சி ஒரு நொதியைப் பற்றியது. முட்டை தனியாகக் கிடக்கும்வரை அதற்குள் எல்லாமே அடங்கிக் கிடக்கும். விந்தணு தொட்ட இடத்திலிருந்து கால்சியம் அலை மாதிரிக் கிளம்பி முட்டை முழுவதும் ஓடும். அது எழுப்பிவிடுகிற நொதிகளில் ஒன்றுக்குக் கால்மோடுலின் கைனேஸ் என்று பெயர். எழுந்ததும் அது மற்றப் புரதங்களின்மேல் பாஸ்பேட்டை ஒட்டி, அவற்றை ஒவ்வொன்றாக வேலைக்குக் கிளப்பும். தன்மேலும் ஒன்றை ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்டுவிட்டால், எழுப்பிவிட்ட கால்சியம் வடிந்து போன பிறகும் அது கொஞ்ச நேரம் விழித்தே இருக்கும். முட்டை இரண்டாகப் பிரிய இந்த நொதி வேண்டுமா, அது இல்லாமலும் நடக்குமா என்பதுதான் என் கேள்வி. குப்பியில் இருந்த மருந்து அந்த நொதியைக் கட்டிப்போடும். மருந்து விட்ட கிண்ணம் ஒன்று, விடாத கிண்ணம் ஒன்று. விடாததில் முட்டைகள் பிரிந்து, விட்டதில் பிரியாமல் நின்றுபோனால், வேண்டும் என்று அர்த்தம். சொல்லப்போனால் ஐந்து நிமிட விஷயம்.

நான் பேட்டையில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் அங்கே தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் நிர்வாகி. அப்பாவும் அம்மாவும் போனபின் எனக்கு அதுதான் வீடு. மீன் வாடையே தெரியாத சைவக் குடும்பம். நான் செவ்வாய்க்கிழமைதோறும் கடல் வாடையோடு வந்து இறங்குவேன். அண்ணன் மனைவி, என் மைனி, ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். கொல்லைப்புறத்தில் வாளியில் தண்ணீரும், அதன்மேல் ஒரு மாற்றுச் சேலையும் வைத்திருப்பாள். குளித்துவிட்டு நான் அடுக்களைக்குள் போகும்போது அவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். ஒரு தடவை பெண் பார்க்க வந்த வீட்டார், பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டார்கள். "ஆராய்ச்சி" என்றான் அண்ணன். "எதுல?" என்றார்கள். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் உண்மையைச் சொன்னேன். அந்த அம்மாள் கையில் எடுத்த கேசரியை அப்படியே தட்டில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பெண் பார்க்க வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். எனக்கு அது நிம்மதியா வருத்தமா என்று அப்போதும் தெரியவில்லை.

முள்ளெலிகளுக்காக உவரிக்குப் போவேன். விடிகாலை முதல் பஸ்ஸில் திசையன்விளை, அங்கிருந்து இன்னொரு பஸ். முதல் தடவை போனபோது, கரையில் வலை உதறிக்கொண்டிருந்த ஆண்கள் நான் கேட்டதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

"அதத் திங்கவா முடியும்? வெறும் முள்ளுல்லா!"

அவர்களுக்குப் பின்னால் இருந்து ஒரு பெண் வந்தாள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, வலையில் சிக்கிக் கிடந்த முள்ளெலிகளை ஒவ்வொன்றாக எடுத்து என் வாளியில் போட்டாள். கருத்த, உருண்டையான, முள்ளை மெல்ல அசைத்துக்கொண்டிருக்கிற உயிர்கள்.

"எத்தன வேணும் டீச்சர்?"

"இருபது. நான் டீச்சர் இல்ல."

"எதுக்கு இது?"

"முட்டைக்கு."

"ஏன், ஒங்க ஊர்ல கோழி முட்ட கெடைக்கலியா?" என்று கேட்டுவிட்டு, தான் சொன்னதற்குத் தானே சத்தமாகச் சிரித்தாள்.

என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள். அவள் கணவர் கட்டுமரத்தில் போகிறவர். அவர் கொண்டுவரும் மீனை வியாபாரிகளிடம் பேசி விற்பது அவள் வேலை. அன்றிலிருந்து எனக்கு வேண்டியதை அவளே எடுத்துவைத்தாள். நான் அவளை அக்கா என்றேன். அவளும் மூன்றாவது மாதமே டீச்சரை விட்டுவிட்டு "ஏ பிள்ளே" என்று கூப்பிட ஆரம்பித்தாள். கருப்பட்டிக் காப்பி தருவாள். "இது மீனு படாத டம்ளரு, உனக்குன்னு தனியா வச்சிருக்கேன்" என்பாள். அந்த ஒரு மணி நேரம்தான் அந்த வாரத்தில் நான் அதிகம் பேசுகிற நேரம். கடல்நீரும் அவள்தான் ஏற்பாடு செய்வாள். கரையோரத் தண்ணீர் மண் கலங்கி இருக்கும் என்பதால், அவள் கணவர் ஆழத்திலிருந்து பிளாஸ்டிக் கேனில் மொண்டு வருவார். நான் கொண்டுபோகும் கண்ணாடி ஜாடிகளில் அதை நிரப்பித் தருவாள்.

ஒருநாள் காப்பி ஆற்றிக்கொண்டே, ஊர்க்கதை சொல்வதுபோலச் சொன்னாள்: "எனக்கு மூணு தங்கல பிள்ளே. மூணும் மூணாம் மாசத்துக்குள்ள போயிட்டு."

நான் வாளியை நகர்த்திவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"நீ முட்டையத்தான படிக்க? ஒண்ணு கேக்கட்டா? தொடங்கினது ஏன் நிக்குது?"

"தெரியாதுக்கா. எப்படித் தொடங்குதுன்னுதான் நான் படிக்கேன். ஏன் நிக்குதுன்னு தெரியாது."

"அது சரி" என்றாள். பிறகு மீன் விலையைப் பற்றிப் பேசினாள்.

அந்த வருடம் ஈஸ்டர் முடிந்த வாரம் என் சோதனைக்கு முதல் தடவையாகப் பதில் வந்ததுபோல இருந்தது. முள்ளெலிகளுக்கு உப்புக்கரைசல் ஊசி போட்டேன். பெண் முள்ளெலிகள் மஞ்சள் மணலைப்போல முட்டைகளைச் சொரிந்தன. ஆண்களின் வெள்ளைத் துளியைச் சேர்த்தேன். ஒரு நிமிடத்தில் முட்டைகளைச் சுற்றி மெல்லிய உறை எழும்பியது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவான முட்டைகளில்தான், ஆனாலும் எழும்பியது. மருந்து விட்ட கிண்ணத்தை ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிரியவில்லை. எல்லாம் உருண்டையாக, அப்படியே இருந்தன. எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன். சொல்வதற்கு ஆள் வேண்டியிருந்தது. வராந்தாவில் யாரும் இல்லை. அப்போதே உட்கார்ந்து வழிகாட்டிக்குக் கடிதம் எழுதி, தலைமைத் தபால் நிலையம் வரை நடந்துபோய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்துதான் மருந்து விடாத கிண்ணத்தைப் பார்த்தேன். அதிலும் எதுவும் பிரியவில்லை.

முட்டை சரியில்லை என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் கிண்ணங்களைக் கொதிக்கவைத்தேன். என் கை சோப்பா என்று சந்தேகப்பட்டு சோப்பை விட்டேன். ஐந்து வாரம். எந்தக் கிண்ணத்திலும் எதுவும் பிரியவில்லை. சிலதில் உறைகூட எழும்பவில்லை. மருந்து விட்டதற்கும் விடாததற்கும் வித்தியாசமே இல்லையென்றால் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியாது. நான் அனுப்பிய கடிதம் பொய்யாகிவிட்டது. அதை மறுத்து இன்னொரு கடிதம் எழுத வேண்டும். நான்கு நாள் வெளிநாட்டுக்கு எழுதும் ஏரோகிராம் தாளை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். 'முன்பு எழுதியதைத் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம். அவசரப்பட்டுவிட்டேன்' என்ற இரண்டு வரிக்கு நான்கு நாள்.

ஆறாவது வாரம் ஏதோ விடுமுறை காரணமாக ஒருநாள் முன்னதாகவே உவரிக்குப் போனேன். அவள் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்குள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். "இங்கன உள்ள வா பிள்ளே. தண்ணி நேத்தே எடுத்து வச்சாச்சு" என்று மூலையைக் காட்டினாள். அங்கே ஒரு செப்புக்குடம் இருந்தது. வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அவள் துணியை அவிழ்த்து, குடத்தைச் சாய்த்து என் ஜாடியில் ஊற்றத் தொடங்கினாள். குடத்தின் கழுத்தில் உப்புப் பொருக்கு படிந்து, அதன் ஓரமெல்லாம் பச்சையாக இருந்தது.

"அக்கா, கேன் எங்க?"

"அதுல ஈஸ்டருக்கு முந்தியே மண்ணெண்ண வாங்கியாந்துட்டாரு இந்த மனுசன். கழுவிக் கழுவிப் பாத்தேன், வாட போவல. நீதான் சுத்தமான தண்ணி வேணும்னு சொல்லுவியே. அதான் என் கல்யாணத்துக்கு அம்ம தந்த கொடத்தக் குடுத்துட்டேன். குடிக்கத் தண்ணி வச்சிருந்தது. நாங்க மண்பானைக்கு மாறிட்டோம்."

ஆறு வாரம் எனக்குள் அடைத்துக்கொண்டிருந்தது ஒரே நொடியில் திறந்துவிட்டது. உப்புநீர் செம்பைத் தின்னும். கரைந்து வந்த செம்பு துளியளவு இருந்தாலே அந்த முட்டைகளுக்கு விஷம். பாடத்தில் படித்ததுதான். நான் கத்திவிட்டேன்.

"இந்தக் கொடம்தான்க்கா! இதுனாலதான் கரு எல்லாம் செத்துப்போச்சு!"

சந்தோஷத்தில் சொன்னேன். காரணம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம். சொல்லி முடித்தபிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். குடத்தைச் சாய்த்தபடியே நின்றாள். ஜாடி நிரம்பித் தரையில் வழிந்துகொண்டிருந்தது.

"எத்தன வருசமா இதுல குடிக்கேன் தெரியுமா?" என்றாள், பைய.

"இல்லக்கா, அது வேற. இது உப்புத் தண்ணி. மனுசங்களுக்கு..."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. போ."

குடத்தைக் கீழே வைத்துவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் திசையன்விளை வரும்வரை, சொல்லியிருக்க வேண்டிய வாக்கியங்களை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தேன். எல்லாம் சரியான வாக்கியங்கள்தான்.

அடுத்த செவ்வாய் பஸ் நிறுத்தத்தில் அவள் கணவர் நின்றார். ஈரச் சாக்கில் முள்ளெலிகள், புதுக் கேன் ஒன்றில் தண்ணீர்.

"அக்கா வரலியா?"

"அவ யாருட்டயும் பேச மாட்டேங்கா. கொடத்தப் பழைய பாத்திரக்காரன்ட்ட தூக்கிக் குடுத்துட்டா. அவ அம்ம தந்த கொடம்மா அது." அவர் குரலில் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது. "நீங்க என்ன சொன்னீங்க?"

நான் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சாக்கை என் பக்கம் நகர்த்திவைத்தார். "பஸ் வந்துட்டு" என்றார்.

அன்று மத்தியானம் சோதனை பலித்தது. மருந்து விடாத கிண்ணத்தில் முட்டைகள் இரண்டாகி, நான்காகி, எட்டாகிக்கொண்டு போயின. மருந்து விட்டதில் ஒன்றும் அசையவில்லை. முட்டைக்குள் உட்கரு ஒரு வெளிறிய வட்டமாக, உறை கரையாமல் அப்படியே தெரிந்தது. மூன்று தடவை செய்து மூன்று தடவையும் அதுவே வந்தது. நான் இத்தனை நாள் காத்திருந்தது இதற்காகத்தான். நோட்டில் எழுதிவிட்டு மின்விசிறியை நிறுத்தினேன். உடனே ஓடிப்போய்க் கடிதம் போடத் தோன்றவில்லை. அவளிடம் சொன்னதுதான் மனதில் நின்றது.

மனிதக் கருவுக்கு அது பொருந்தாது என்று அவளிடம் காட்டிவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்தது. மைனியின் பூஜை அறையிலிருந்து ஒரு தாமிரச் செம்பைக் கேட்டேன். "எதுக்கு?" என்றாள். "தண்ணி வைக்கதுக்கு" என்றேன். என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத் தந்தாள். குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரை ஒரு நாள் முழுவதும் அதில் வைத்தேன். பிறகு அந்தத் தண்ணீரைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, உப்புகளை அளந்து போட்டுக் கடல்நீர் போலச் செய்தேன். கண்ணாடியில் வைத்திருந்த தண்ணீரிலும் அதேபோல இன்னொன்று. குடிதண்ணீரில் செம்பு அவ்வளவாகக் கரையாது, முட்டைகள் நன்றாகவே பிரியும், அதைப் போய்ச் சொல்லலாம் என்று நம்பினேன்.

கண்ணாடித் தண்ணீரில் பிரிந்தன. செம்புத் தண்ணீரில் சில பிரியவேயில்லை. பிரிந்தவையும் கோணலாகப் பிரிந்து, நான்கு செல்லோடு நின்றுபோயின.

கிண்ணத்தைக் கொட்டிவிட்டுச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்து மைனியிடம் கொடுத்தேன். "பளபளன்னு இருக்கே" என்றாள். அந்த மாதத்தில் அவள் என்னிடம் சிரித்துப் பேசியது அப்போதுதான்.

அடுத்து எனக்குத் தோன்றியது ஒரு டாக்டரிடம் கேட்கலாம் என்பதுதான். பாளையங்கோட்டையில் பிரசவம் பார்க்கிற ஒரு லேடி டாக்டரிடம் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். சுற்றிலும் வயிற்றைத் தாங்கியபடி பெண்கள், பக்கத்தில் தாயோ கணவனோ. நர்ஸ் வந்து, "எத்தன மாசம்?" என்று கேட்டாள். "எனக்கு ஒண்ணும் இல்ல. ஒரு சந்தேகம் கேக்கணும்" என்றேன். பக்கத்திலிருந்த பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

டாக்டர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"ஒங்க முள்ளெலி முட்டை கடல்ல வெறுமனே கெடக்கு. தண்ணியில என்ன இருந்தாலும் நேரா அதுமேல படும். மனுசக் கரு அப்படியா? நடுவுல குடல் இருக்கு, ஈரல் இருக்கு, ஒரு தாயோட உடம்பே இருக்கு. இந்த ஜில்லாவுல பாதிப்பேரு செப்புத் தண்ணி குடிச்சு வளந்தவங்கதான். எங்க அம்மா எட்டுப் பிள்ளை பெத்தா."

"அப்ப அவங்களுக்கு ஏன்..."

"அது எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பொம்பளையக் கூட்டிட்டு வாங்க. பாத்துச் சொல்லுதேன்."

மறுநாளே உவரிக்குப் போனேன். அவள் வீட்டுப் பின்பக்கம் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் வேலையை நிறுத்தவில்லை. நான் அவள் எதிரே மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மைனியின் செம்பில் நான் செய்ததையும், அதில் முட்டைகள் நின்றுபோனதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பஸ்ஸில் முழு வழியும் யோசித்திருந்தேன்.

அவள் கடைசி மீனைப் பரப்பிவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"இத எதுக்கு எங்கிட்ட சொல்லுத? டாக்டர் சொன்னத மட்டும் சொல்லிட்டு, மத்தத மறைச்சிருக்கலாம்லா?"

"அன்னைக்குப் பாதியச் சொல்லிட்டுப் போயிட்டேன். அதான் முழுசாச் சொல்ல வந்தேன்."

"நீ ஒரு கூறு கெட்டவ" என்றாள். ஆனால் எழுந்து உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். அதே டம்ளர்.

அடுத்த வாரமே டாக்டரிடம் வந்தாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள், கணவரையும் வரவழைத்துப் பரிசோதித்தார்கள். இரண்டு வாரம் கழித்து முடிவு கேட்க அவள் தனியாக வந்தாள். நான் வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். அவள் காகிதங்களைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஒண்ணும் கொற இல்லியாம். சிலருக்குக் காரணம் தெரியாமலே போவுமாம். மறுபடியும் பாக்கலாம்னு சொல்லுதாவ."

"நல்லதுதானக்கா?"

"என்னமோ. கொடம்னு நெனச்சப்ப கோவப்படுததுக்கு ஒண்ணு இருந்துச்சு." கொஞ்ச தூரம் நடந்தபிறகு நின்றாள். "ஒங்க காலேஜு எங்கன இருக்கு? அந்த முட்டை உடையுததக் காட்டுதியா?"

உடைவது இல்லை, பிரிவது என்று திருத்த வாயெடுத்து, பேசாமல் கூட்டிப்போனேன்.

முந்தின நாள் கொண்டுவந்த முள்ளெலிகள் தொட்டியில் இருந்தன. அவள் அவற்றைப் பழகியவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நான் முட்டைகளை எடுத்து, இரண்டு கிண்ணத்தில் விந்தணு சேர்த்து, ஒன்றை நுண்ணோக்கியின்கீழ் வைத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு குனிந்தவள் நிமிரவே இல்லை. நான் ஜன்னலோரம் நின்றேன். வெளியே வெயில். மைதானத்தில் யாரோ விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் போனது. வழிகாட்டி போனபிறகு அந்த அறையில் என்னோடு இன்னொருவர் அவ்வளவு நேரம் இருந்தது அதுதான் முதல் தடவை.

"ஏ பிள்ளே" என்றாள் திடீரென்று. "அனங்குது, அசையுது. இடுப்பு மாதிரி நடுவுல ஒடுங்குது!"

"பாத்துக்கிட்டே இருங்க."

"ஒடுங்குது... ஒடுங்குது... மாதாவே, ரெண்டாயிட்டு!"

அவள் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். கண்ணைச் சுற்றி நுண்ணோக்கியின் வட்டம் பதிந்திருந்தது. பிறகு அடுத்த கிண்ணத்தைக் காட்டி, "இது?" என்றாள்.

"இது மருந்து போட்டது. இது நிக்கும்."

குனிந்து அதையும் பார்த்தாள். "மருந்த எடுத்துட்டா?"

"கழுவி எடுத்தா, சிலது மறுபடியும் தொடங்கும். சிலது தொடங்காது."

"எது தொடங்கும்னு பாத்தாத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

அவள் தலையசைத்தாள். "படிச்ச ஒனக்கே தெரியல" என்றாள். குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை. என்னோடு ஒரே படகில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. மாலை நான்கு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். மீன் வாடை அடித்தது. நான் முகத்தைத் துடைக்காமலே வீட்டுக்குப் போனேன்.

அடுத்து வந்த ஆடியில் அவள் கணவருக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை கிடைத்து அவர்கள் குடிபோனார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை நான் போனபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். முந்தின வாரம் அவள் எனக்காக இரண்டு நாள் காத்திருந்தாளாம். நான் காய்ச்சலில் படுத்திருந்த வாரம் அது. அதற்குப் பிறகு முள்ளெலிகளை வேறு ஒருவரிடம் வாங்கினேன். அவர் நல்லவர்தான். வாளியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அடுத்த பஸ் வரும்வரை நான் கோயில் சுவரோரம் நிழலில் நிற்பேன்.

சோதனை பலித்ததைப் பிறகு எழுதிப் போட்டிருந்தேன்; வழிகாட்டியின் பதிலும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. நான் கண்டதை வேறொரு நாட்டில் ஏற்கெனவே கண்டு எழுதிவிட்டார்கள் என்றும், அதனால் என்ன, நம் கடலின் முள்ளெலியில் யாரும் பார்த்ததில்லை, எழுதி முடி என்றும் எழுதியிருந்தார். எழுதி முடித்தேன். வாய்மொழித் தேர்வு நடந்த அறையில் தேர்வாளர்களைத் தவிர ஆறு பேர் இருந்தார்கள். அண்ணன் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். முடிந்ததும், "நல்லாப் பேசினே. ஒண்ணும் வெளங்கல" என்றான். எனக்கு அது பிடித்திருந்தது.

பட்டம் வாங்கி ஒரு பெண்கள் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தபின், விடைத்தாள் திருத்துவதற்காக ஒருமுறை தூத்துக்குடி போனேன். ஒரு மத்தியானம் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. மீன் ஏலம் விடும் இடத்துக்கு நடந்தேன். கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்களிடம் அவளைப் பற்றிக் கேட்டேன்.

"உவரிக்காரங்களா? இங்கன நெறயப் பேரு இருக்காங்கம்மா. எந்தக் குடும்பம்? புருசன் பேரு என்ன?"

எனக்கு அவள் பெயர் தெரியும். அந்தப் பெயரில் அங்கேயே மூன்று பேர் இருந்தார்கள். அவர் பெயரை நான் கேட்டுக்கொண்டதே இல்லை. குடும்பப் பெயரும் தெரியாது. "உயரமா, சத்தமாச் சிரிப்பாங்க" என்றேன். அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "நாங்க எல்லாருமே அப்பிடித்தாம்மா."

அவளுக்கு அப்புறம் குழந்தை பிறந்ததா என்று எனக்குத் தெரியாது. அன்று துறைமுகச் சாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளின் முகங்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தேன். பிறகு திருநெல்வேலி பஸ் வந்தது. கூட்டமில்லை. ஜன்னலோரமாக இடம் கிடைத்தது.